18 என்று எழுதினேன்

சித்தி மகள் நர்சிங் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள். விண்ணப்பத்தோடு ‘நான் ஏன் செவிலியர் ஆக விரும்புகிறேன்’ என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். எழுதி எனக்கு அனுப்பி, “அக்கா, தப்பு இருந்தா திருத்திக் குடுங்க” என்று கேட்டிருந்தாள். தப்பு ஒன்றுமில்லை, ஒற்றுப்பிழைகூட இல்லை. முதல் வரி இது: “சிறு வயதிலிருந்தே பிறருக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் ஆசை.” படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தவள் மூன்று நாளாகப் பதில் போடவில்லை. அவள் மேல் கோபமெல்லாம் இல்லை. 11 ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய கடிதத்தின் முதல் வரியும் ஏறத்தாழ இதேதான். ‘பிறருக்கு’ என்ற இடத்தில் ‘நோயாளிகளுக்கு’ என்று போட்டிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வரி என்னை உள்ளே சேர்த்துவிட்டது. உள்ளே போன பிறகு அது என் கூட வரவில்லை. ஒரு நாள் காலை ஒரு பெரியவரின் உயிரோடு நான் விளையாடியபோதும் அது என் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. அந்தக் கதையைச் சொல்லாமல் இவளுடைய கடிதத்தில் கை வைக்க மனம் வரவில்லை.

என் நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் எதிர்பார்த்ததையே கேட்டார்கள்: இரவு டியூட்டிக்கு வீட்டில் சம்மதமா, ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமா. மூன்றாமவர் வயதான பேராசிரியை. என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே, “சேவை செய்யணும்னா நாளைக்கே ஆரம்பிக்கலாமேம்மா. அதுக்கு எதுக்கு இத்தனை வருஷப் படிப்பு?” என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போலத்தான் கேட்டார். “இன்னும் நல்லா சேவை செய்யலாம் மேடம்” என்று உளறினேன். எதையோ குறித்துக்கொண்டார். இடம் கிடைத்தது. அதே கேள்வியை அடுத்த வாரமே பெரியப்பாவும் கேட்டார்: “ஊசி போடவும் பெட்ஷீட் மாத்தவும் யூனிவர்சிட்டி டிகிரியா?” பேராசிரியைக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது, பெரியப்பாவுக்கு வேண்டியிருக்கவில்லை. இருவருக்கும் சொல்ல என்னிடம் எதுவுமில்லை.

சேர்வதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், படிப்பின் நீளமும் 3 ஆண்டு, 4 ஆண்டு என்று மாறும். பெரும்பாலும் உயிரியல் கேட்பார்கள், கூடவே வேதியியலும். உடல்தகுதிச் சான்றும் தடுப்பூசிச் சான்றும் அநேகமாக எங்கும் உண்டு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வழக்கமாக 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. கடைசி நேரத்தில் ஓடினால் அந்த ஆறு மாதம் இடிக்கும், அதனால் விண்ணப்பிக்கும்போதே முதல் ஊசியைப் போட்டுக்கொள்வது நல்லது. இன்னொன்று: வேதியியல் பிடிக்காது, உயிரியல் போதும் என்று நினைத்து வருகிறவர்கள்தான் முதலாண்டில் அதிகம் திணறுவார்கள். ரத்தத்தின் அமில காரச் சமநிலை என்ற பாடம் வரும். அதைத் தேர்வுக்குப் படித்து மறந்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

முதலாண்டுக் கெட்டிக்காரி

எனக்கு மனப்பாடம் நன்றாக வரும். 206 எலும்பு, 12 இணை மூளை நரம்பு, பெயர்களையெல்லாம் ஒரு மாதத்தில் முடித்துவிட்டேன். உடற்கூறியலை இப்படி விழுங்கிவிடலாம். உடலியங்கியல் அப்படி இல்லை. அதில் ஒன்றைத் தொட்டால் ஒன்பது அசையும். சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்டால் இதயத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆனாலும் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, அதையும் சமாளித்தேன். மூச்சு எப்படிக் கட்டுப்படுத்தப்படுகிறது என்ற கேள்விக்கு நான் வரைந்த படத்தை ஆசிரியை வகுப்பில் தூக்கிக் காட்டினார். மூளைத்தண்டில் ஒரு கட்டம், அங்கிருந்து உதரவிதானத்துக்கு ஓர் அம்பு, ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் இப்படி, அமிலம் கூடினால் அப்படி. நாலு வண்ணப் பேனாவில் வரைந்த படம். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

வகுப்பறைக்கு அடுத்து லேப். பொம்மைக்கு ஊசி போடுவது, பொம்மைக்குக் குழாய் செருகுவது, பொம்மையிடம் “வலிக்குதாம்மா” என்று கேட்பது. முதல் தடவை பொம்மையிடம் அப்படிப் பேசியபோது வகுப்பே சிரித்தது, ஒரு மாதத்தில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு மணியடித்து மணியடித்து இடம் மாறும் செய்முறைத் தேர்வு. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் என்ற மருத்துவப் பேராசிரியர் எழுதி அறிமுகப்படுத்திய முறை அது. ஒவ்வொரு மேசையிலும் சில நிமிடம், ஒரு வேலை, ஒரு தேர்வாளர், அவர் கையில் ஒரு பட்டியல். கை கழுவாமல் தொட்டால் போச்சு. வியன்னாவில் செம்மல்வெய்ஸ் 1847இல் குளோரின் நீரில் கை கழுவச் சொன்னதும், பிரசவ வார்டில் சாவு சட்டென்று குறைந்ததும், அப்படியும் சக மருத்துவர்கள் பலர் அவரை நம்பாததும் எங்களுக்குக் கதையாகச் சொல்லப்பட்டது. கதையை ரசித்தோம். தேர்வில் எங்களில் மூன்று பேர் கை கழுவ மறந்தோம்.

கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நர்சிங்கில் கணக்கு இருக்கும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. 1000 மில்லி டிரிப்ஸ் 8 மணி நேரத்தில் இறங்க வேண்டும், குழாயில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு, அப்படியானால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 1000ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் 41.67, ஆக 42. இது எளிது. மில்லிகிராமா மைக்ரோகிராமா என்பதில் கண் தவறினால் ஆயிரம் மடங்கு. தசமப் புள்ளி தவறினால் பத்து மடங்கு. அதனால்தான் அரை மில்லிகிராமை 0.5 என்று எழுத வேண்டும், வெறும் .5 என்று எழுதக் கூடாது. ஐந்தை 5 என்றுதான் எழுத வேண்டும், 5.0 என்று எழுதக் கூடாது. புள்ளி மங்கலாக விழுந்தால் ஒன்று ஐந்தாகிவிடும், மற்றது ஐம்பதாகிவிடும். எங்கள் மருந்துக் கணக்குத் தேர்வில் 100க்கு 100 வாங்கினால்தான் தேர்ச்சி. 98 வாங்கி அழுதவளிடம் ஆசிரியை, “அந்த ரெண்டு மார்க் எந்த நோயாளி?” என்று கேட்டார். கொடுமையான கேள்வி. நியாயமான கேள்வியும்கூட.

முதல் ஆண்டிலேயே சிலர் போய்விட்டார்கள். எல்லோரும் மதிப்பெண் குறைந்து போகவில்லை. எங்களில் மிகவும் இளகிய மனசுக்காரிதான் முதலில் போனாள். வார்டுக்குப் போன முதல் மாதத்திலேயே ஒவ்வொரு நோயாளிக்காகவும் விடுதியில் உட்கார்ந்து அழுவாள். ‘இவள்தான் உண்மையான நர்ஸ்’ என்று நாங்கள் பேசிக்கொண்டோம். நாலாம் மாதம் பெட்டி கட்டினாள். அப்போது அது எனக்கு அநியாயமாகப் பட்டது. இப்போது யோசித்தால், அவள் ஒவ்வொரு கட்டிலுக்கும் வெறுங்கையோடு போனாள் என்று தோன்றுகிறது. வலியில் இருப்பவர் பக்கத்தில் நிற்கும்போது செய்வதற்கு ஒரு வேலை தெரிந்திருந்தால் நிற்க முடியும். திருப்பிப் படுக்கவைக்கத் தெரிய வேண்டும், மருந்துக்கு நேரமாயிற்றா என்று பார்க்கத் தெரிய வேண்டும், காயத்தின் நிறம் நேற்றைக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரிய வேண்டும். இரக்கத்தை மட்டும் கொண்டுபோனால் ஆறு மணி நேர ஷிஃப்ட் தாங்காது.

நான் அவளைப் போல இல்லை. என் சிக்கல் வேறு. நான் கெட்டிக்காரி. முதன்முதலில் ஒருவரைக் கட்டிலில் வைத்தே குளிப்பாட்டியது நினைவிருக்கிறது. என் அப்பாவைவிட மூத்தவர். துணியை எங்கே விலக்குவது, எங்கே பார்ப்பது, என்ன பேசுவது என்று தெரியாமல் என் கை நடுங்க, அவரே, “பரவால்லம்மா, நானும் புதுசுதான்” என்றார். ஒரு பகுதியை மட்டும் திறந்து, துடைத்து, உடனே மூடி, பிறகு அடுத்தது என்று லேபில் சொல்லித் தந்திருந்தார்கள். பொம்மையிடம் செய்தபோது அது வெறும் வரிசை. அவரிடம் செய்தபோதுதான் அந்த வரிசை அவருடைய மானத்துக்காக என்று புரிந்தது. இப்படி ஏட்டில் இருந்தது கைக்கு வந்த தருணங்கள் சில உண்டு. ஆனால் அதிகமில்லை. இரண்டாம் ஆண்டு முடியும்போது என்னிடம் நல்ல மதிப்பெண் இருந்தது, வேகமான கையும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே போக்குவரத்தே இல்லை.

எட்டுக் கட்டில்

மூன்றாம் ஆண்டு, அறுவை சிகிச்சை வார்டில் போஸ்டிங். காலை ஷிஃப்ட். எனக்கு எட்டு நோயாளிகள். மருத்துவர்கள் ரவுண்ட்ஸ் வருவதற்குள் எட்டுப் பேருக்கும் டெம்பரேச்சர், நாடி, பிபி, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்பது), மூச்சு எல்லாம் பார்த்து சார்ட்டில் ஏற்ற வேண்டும். முதல் நாலுக்கும் கருவி இருக்கிறது. பட்டையைக் கட்டினால் பிபி வரும், விரலில் கிளிப்பை மாட்டினால் சாச்சுரேஷனும் நாடியும் வரும். மூச்சுக்குக் கருவி இல்லை. கண்தான் கருவி. நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் பார்த்து எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று அவருக்குத் தெரியவும் கூடாது, தெரிந்தால் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்க்கச் சொல்லித் தருவார்கள். நர்சிங்கில் முறைப்படி கற்றுத்தரும் ஒரே ஏமாற்று வேலை இதுவாகத்தான் இருக்கும்.

எட்டுப் பேருக்கு எட்டு நிமிடம். என்னிடம் அந்த எட்டு நிமிடம் இல்லை, அல்லது இல்லை என்று நினைத்தேன். ஆறாம் கட்டிலில் குடல் அறுவை முடிந்து நாலாம் நாள் ஆன ஒரு பெரியவர். நான் ஐயா என்பேன், அவர் பாப்பா என்பார். “எப்படி இருக்கீங்க ஐயா?” “இருக்கேன் பாப்பா.” டெம்பரேச்சர் 37.4. நாடி 102. பிபி 124க்கு 78. சாச்சுரேஷன் 95. முந்தைய நாளின் மூச்சுக் கட்டங்களைப் பார்த்தேன்: 18, 18, 20, 18. நானும் 18 என்று எழுதிவிட்டு ஏழாம் கட்டிலுக்குப் போனேன். இதில் எனக்கு எந்தக் குற்ற உணர்ச்சியும் இருக்கவில்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அன்று எட்டுப் பேரில் ஒருவருக்குக்கூட நான் எண்ணவில்லை. 16, 18, 20 என்று மாற்றி மாற்றி எழுதினேன். எல்லோருக்கும் ஒரே எண் போட்டால் சந்தேகம் வரும் என்று தெரிந்து வைத்திருந்தேனே, அந்த அளவுக்குக் கெட்டிக்காரி.

வார்டு சிஸ்டர் சார்ட்டுகளைப் புரட்டிக்கொண்டே வந்தார். ஆறாம் கட்டிலின் சார்ட்டில் நின்றார். பெரியவரையும் பார்த்தார், சார்ட்டையும் பார்த்தார்.

“மூச்சு நீ எண்ணினதா?”

“ஆமா சிஸ்டர்.”

“எவ்வளவு நேரம்?”

“ஒரு நிமிஷம் சிஸ்டர்.”

கேட்டது இரண்டு கேள்வி, சொன்னது இரண்டு பொய். அவர் குரலை உயர்த்தவில்லை. “சரி, இன்னொரு தடவை எண்ணு. நானும் நிக்கிறேன்” என்றார். பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்தேன். உடையில் குத்தியிருந்த கடிகாரத்தின் விநாடி முள்ளையும் அவர் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் சற்றே தூக்கிக்கொண்டது. மூக்கின் ஓரம் விரிந்தது. ‘இருக்கேன் பாப்பா’ என்று அவர் இரண்டே சொல்லில் முடித்ததன் காரணமும் அப்போதுதான் உறைத்தது: அதற்கு மேல் பேச மூச்சு இல்லை. 15 விநாடியில் ஏழு. மீதி 45 விநாடியும் குறைந்துவிடு, குறைந்துவிடு என்று வேண்டிக்கொண்டேதான் எண்ணினேன். குறையவில்லை. 28.

வயது வந்தவருக்கு இயல்பு 12லிருந்து 20. இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் வெளியிட்ட முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது. பிறகு பல நாடுகளில் பரவியது. ஒவ்வோர் அளவும் இயல்பை விட்டு விலக விலக மதிப்பெண் ஏறும், ஏற ஏற ஆபத்து. அதன்படி கூட்டிப் பார்த்தால் நான் எழுதிய சார்ட்டில் அவருக்கு 2: நாடிக்கு 1, சாச்சுரேஷனுக்கு 1. அடுத்த நாலு மணி நேரத்துக்கு யாரும் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம். மூச்சு 28 என்றால் அதற்கு மட்டும் 3, மொத்தம் 5. மருத்துவர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும், குறைந்தது மணிக்கு ஒரு தரம் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். என் எழுத்து அந்தப் பெரியவரை ஐந்திலிருந்து இரண்டுக்கு இறக்கியிருந்தது.

சிஸ்டர் போனை எடுத்தார். நாலே வாக்கியம். இப்போது என்ன நடக்கிறது, இவர் யார் என்ன அறுவை என்ற பின்னணி, என் கணிப்பு என்ன, நீங்கள் என்ன செய்ய வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளிலிருந்து மருத்துவமனைக்கு வந்த பேச்சு முறை இது. எங்களுக்கு அது ஐந்து மதிப்பெண் கேள்வி. “நீங்க இப்பவே வரணும் டாக்டர்” என்று கடைசி வாக்கியத்தை அவர் சொன்ன விதத்தில் வேண்டுகோளும் இல்லை, அதட்டலும் இல்லை. மருத்துவர் வந்தார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். குடலைத் தைத்த இடத்தில் கசிவு. மதியமே மறுபடி அறுவை அரங்குக்குக் கொண்டுபோனார்கள். பிறகு ஐசியூ. நீண்ட நாள் கழித்து வீட்டுக்குப் போனார். போகும்போது “பாப்பா நல்லாப் படி” என்றார். அவருக்கு எதுவும் தெரியாது.

அன்று மதியம் சிஸ்டர் என்னை மருந்து அறைக்குக் கூப்பிட்டார். பொய்யைப் பற்றிக் கேட்பார் என்று நின்றேன். “ஏன் 28?” என்றார். புரியாமல் விழித்தேன். “வயித்துக்குள்ள கசிவு. மூச்சு ஏன் ஏறணும்? நுரையீரல்ல ஒண்ணும் இல்லையே.”

விடை எனக்குத் தெரிந்திருந்தது. கிருமி பரவுகிறது, திசுக்களுக்குப் போதிய ஆக்சிஜன் போகவில்லை, லாக்டிக் அமிலம் சேர்கிறது. அமிலம் கூடியதை மூளைத்தண்டு மோப்பம் பிடித்து, கரியமில வாயுவை வேகமாக வெளியேற்றி ஈடுகட்டப் பார்க்கிறது, அதனால் மூச்சு ஏறுகிறது. இதயம் வேகமாகத் துடித்துப் பிபியைப் பிடித்து வைத்திருப்பதால் பிபி கடைசியில்தான் விழும். அது விழும்வரை காத்திருந்தால் நேரம் போய்விடும். மூச்சுதான் முதலில் சொல்லும். மூளைத்தண்டில் ஒரு கட்டம், அங்கிருந்து ஓர் அம்பு, நாலு வண்ணப் பேனா. வகுப்பே பார்த்த படம். தெரியாமல் செய்திருந்தால் அறியாமை என்று சொல்லித் தப்பித்திருப்பேன். அத்தனையும் தெரிந்திருந்தது. அந்தப் படத்தில் இருந்தது ஆறாம் கட்டில்காரர் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

முழுதும் கேட்டுவிட்டு சிஸ்டர் சொன்னார்: “எண்ணலேன்னா காலியா விடு. காலியா இருந்தா அடுத்து வர்றவ பாத்துட்டு எண்ணுவா. நீ எழுதிட்டேன்னா யாரும் எண்ண மாட்டாங்க.” பிறகு சார்ட்டை நீட்டினார். திருத்துவதற்கும் முறை உண்டு. அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. தவறான எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு, கீழே இருப்பது படிக்கும்படி. பக்கத்தில் சரியான எண், தேதி, நேரம், கையெழுத்து. 18இன் மேல் கோடு போட்டேன். 28 எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அந்தக் கோப்பு இன்னும் எங்கேனும் இருந்தால், அந்த 18ஐ இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

பெரியப்பாவுக்குச் சொல்லாத பதில்

அதற்குப் பிறகுதான் பழைய கேள்வியைத் திரும்ப எடுத்தேன். ஊசி போட டிகிரி எதற்கு? செவிலியர் கல்வி பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததே மெதுவாகத்தான். நைட்டிங்கேலின் பள்ளி லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860இல் தொடங்கியது, அது மருத்துவமனையோடு ஒட்டிய பயிற்சி. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1909இல் தனக்குள்ளேயே ஒரு நர்சிங் பள்ளியைத் தொடங்கியது. ஐரோப்பாவில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் செவிலியர் கல்விப் பிரிவு வந்தது 1956இல். ‘கைவிளக்கேந்திய காரிகை’ என்று நைட்டிங்கேலைப் பற்றிப் பேசும்போது விளக்கைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்கென்னவோ அவருடைய இன்னொரு கையில் இருந்த கணக்கேடுதான் முக்கியமாகப் படுகிறது. கிரிமியப் போரில் செத்த வீரர்களில் பெரும்பாலோர் காயத்தால் சாகவில்லை, தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தார்கள் என்று 1858இல் படம் வரைந்து காட்டியவர் அவர். எண்ணியவர். எண்ணாமல் எழுதாதவர்.

2014இல் செவிலியர் துறை ஆய்வாளர் லிண்டா எய்க்கனும் குழுவினரும் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒன்பது ஐரோப்பிய நாடுகள், 300 மருத்துவமனைகள், 4 லட்சத்துக்கும் அதிகமான அறுவை நோயாளிகள். பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு 10 சதவீதம் கூடுதலாக உள்ள இடங்களில், சேர்ந்த 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்தது. பெரியப்பாவுக்கு இதை அச்செடுத்து அனுப்பலாமா என்று யோசித்தேன். அனுப்பவில்லை, ஏனென்றால் அதே ஆய்வில் அடுத்த எண்ணும் இருக்கிறது: ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால் அந்த வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது. இரண்டும் 7. ஒரு பட்டத்தின் பலனை ஒரு கூடுதல் கட்டில் தின்றுவிடலாம் என்று அதை நான் படித்துக்கொள்கிறேன். எண்களை இப்படி நேருக்கு நேர் கழிக்கக் கூடாது என்று ஆராய்ச்சி முறை ஆசிரியை கோபித்துக்கொள்வார். ஆனாலும் எட்டுக் கட்டிலோடு ஓடிய யாரும் இப்படித்தான் படிப்பார்கள். அதற்காக என் பொய்யை அந்த எட்டுக் கட்டிலின் தலையில் கட்டவும் மாட்டேன். காலியாக விட எனக்கு ஒரு விநாடிகூட ஆகியிருக்காது.

பட்டப்படிப்பை ஒரேயடியாகப் புகழவும் முடியாது. அதில் வெற்றுத்தாள் நிறைய. ஒரு நோயாளிக்கு இருபது பக்கக் கேர் பிளான் எழுதினோம், அதில் பாதி சீனியரின் நோட்டிலிருந்து வந்தது. சீனியருக்கு அவருடைய சீனியரிடமிருந்து வந்தது. கடைசி ஆண்டு ஆய்வுக்கு, சார்ட்டில் எழுதப்படும் மூச்சு எண்ணிக்கையையும் நிஜ எண்ணிக்கையையும் ஒப்பிடலாம் என்று கேட்டேன். நெறிமுறைக் குழு, அனுமதிக் கடிதம், மறுபடி நெறிமுறைக் குழு என்று மாதங்கள் ஓடின. கடைசியில் மற்றவர்கள் செய்த ஆய்வுகளைத் தொகுத்து எழுதி முடித்தேன். அதைவிட எனக்குக் கூசுவது இன்னொன்று. ஒவ்வொரு போஸ்டிங் முடிவிலும் ‘நான் கற்றது என்ன’ என்று ஒரு தன்மதிப்பீட்டுக் கட்டுரை கொடுக்க வேண்டும். ஆறாம் கட்டிலைப் பற்றி எழுதினேன். ‘மூச்சு எண்ணிக்கையின் முக்கியத்துவத்தை உணர்ந்தேன்’ என்று எழுதினேன். சிஸ்டர் எனக்குச் சுட்டிக்காட்டியதாக எழுதினேன். இரண்டு தடவை பொய் சொன்னதை எழுதவில்லை. அந்தப் போஸ்டிங்கில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அந்தக் கட்டுரைக்குத்தான். நேர்மையைக் கற்றுக்கொண்டதாக நேர்மையில்லாமல் எழுதி வாங்கிய மதிப்பெண் இன்னும் என் சான்றிதழில் இருக்கிறது, அதன் மேல் கோடு போட வழியில்லை.

முடிப்பது என்பது அதற்குப் பிறகு பெரும்பாலும் உடம்பின் வேலை. ஐரோப்பிய ஒன்றியம் பொதுச் செவிலியர் படிப்புக்குக் குறைந்தது 4,600 மணி நேரம் கேட்கிறது, அதில் பாதியாவது நோயாளிகளிடம் கழிய வேண்டும். எங்கள் கணக்கும் அதற்குக் குறைவாகத் தோன்றியதில்லை. இரவு ஷிஃப்டில் விடியற்காலை நாலு மணி என்பது தனி நாடு. அங்கே கூட்டல் கணக்குக்கூட வராது, அதனால் ஊசி மருந்தை இருவராகச் சரிபார்ப்போம். ஒரு தடவை விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று விலகல் கடிதம்வரை எழுதினேன். கொடுக்காததற்குப் பெரிய காரணமில்லை, அடுத்த நாள் ஒரு காயத்தின் கட்டை நான்தான் பிரிக்க வேண்டியிருந்தது. மூன்று நாளாக நான் கட்டிய காயம், ஓரத்தில் இளஞ்சிவப்பாகத் திசு வரத் தொடங்கியிருந்தது, அது எதுவரை வந்தது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. போனேன். பார்த்தேன். அப்படியே கடைசித் தேர்வும் வந்துவிட்டது.

நேற்று இரவு தங்கையைக் கூப்பிட்டேன். கதை முழுதும் சொன்னேன், பொய்களோடு சேர்த்து. ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ முதல் வரியை எடுத்துடவா அக்கா?” என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த வரி பொய் இல்லையே, அவளுக்கு நிஜமாகவே அந்த ஆசை இருக்கிறது. “பாட்டி தூங்கிட்டாங்களா?” என்று கேட்டேன். “இப்பதான் படுத்தாங்க.” “பக்கத்துல உக்காரு. அவங்களுக்குத் தெரியாம மூச்சை எண்ணு. முழுசா ஒரு நிமிஷம்.” “எதுக்கு?” “சும்மா.”

ஐந்து நிமிடம் கழித்து மெசேஜ் வந்தது. “17. ஆனா முதல் தடவை எண்ணறப்ப இடையில விட்டுட்டேன், அதனால திரும்ப எண்ணினேன்.” அடுத்த மெசேஜ் உடனேயே: “நடுவுல ஒரு பெருமூச்சு விட்டாங்க அக்கா. அதையும் சேத்துதான் 17. சேக்கலாமா?”